பத்து கிலோமீட்டர் போகும், திரும்பி வருமா?

“மாமா, விவரத்தாள்லயே பத்து கிலோமீட்டர்னு போட்டிருக்கான்.”

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறான். விடுமுறையில் உணவகத்தில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், நண்பனிடமிருந்து பழைய டிரோன் ஒன்றை வாங்கியிருந்தான். டிஜேஐ மினி 2. எடை 249 கிராம். ஒரு குவளைத் தண்ணீரின் எடைதான். வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு ஒரே கேள்வி: இது அதிகபட்சமாக எவ்வளவு தூரம் போகும்?

“போகும்னு போட்டிருக்கு, சரி. திரும்பி வர்றதப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?” என்று கேட்டேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

டிரோன் வைத்திருக்கும் இளையர்கள் பலரிடம் இந்த ஆசை இருக்கிறது. புதிய மோட்டார்சைக்கிள் வாங்கினால் ஒருமுறையாவது முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கத் தோன்றுவதைப் போல. எத்தனை பேர் அப்படி அனுப்பிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள் என்பதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால், அந்தக் கேள்வி மோசமானது இல்லை. அதற்குள் படிவம் 4, 5 இயற்பியல் பாதி அடங்கியிருக்கிறது. அதனால் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் இருவரும் சிகிஞ்சான் வயல்வெளிக்குக் கிளம்பினோம்.

சிலாங்கூரின் சபாக் பெர்ணம் மாவட்டத்தில் இருக்கும் சிகிஞ்சானைப் பலர் படம் எடுக்கத்தான் தேடிப் போவார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது அதன் சமதளம். கண்ணுக்கு எட்டிய வரை நெல். குறுக்கே உயரமான கட்டடம் இல்லை. காலை நேரத்தில் வயலுக்குள் ஆள் நடமாட்டமும் குறைவு. நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு வரப்போரமாக இடம்பிடித்தோம்.

டிரோனை எடுப்பதற்கு முன்பே நோட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். முதல் கணக்கு பத்து கிலோமீட்டரைப் பற்றியது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? தடையில்லாத வெளியில், வேறு அலைகளின் குறுக்கீடு இல்லாத நிலையில், டிரோனுக்கும் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையே இணைப்பு எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அது. இன்னொரு செய்தியும் அதே விவரத்தாளில் இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்.சி.சி. விதிமுறையில் 10 கிலோமீட்டர்; ஐரோப்பாவின் சி.இ. விதிமுறையில் 6 கிலோமீட்டர். ஒரே டிரோன், இரண்டு எண்கள். காரணம், அலைபரப்பும் ஆற்றலுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றுக்கு ஏறத்தாழ 400 மில்லிவாட், மற்றதற்கு 100 மில்லிவாட்.

ஆற்றல் நான்கு மடங்கு. தூரம் மட்டும் நான்கு மடங்காகவில்லையே, ஏன்? வானொலி அலை செல்லச் செல்லப் பரவி விரிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அதன் வலிமை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். இதையே பொறியாளர்கள் 6 டெசிபல் இழப்பு என்பார்கள். ஆகவே ஆற்றலை நான்கு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்குதான் கூடும். 6 கிலோமீட்டர் 12 ஆக வேண்டும்; தயாரிப்பாளர் 10 என்று போட்டிருக்கிறார். ஏட்டுக் கணக்கும் விவரத்தாளும் இந்த அளவுக்கு நெருங்கி வருவதே பெரிய விஷயம்.

இதைச் சோதிக்க டிரோனே தேவையில்லை. பள்ளித் திடலில் ஒரு நண்பரின் கைத்தொலைபேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வையுங்கள். இன்னொரு ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் வைஃபை வலிமையைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் பதிவிறக்குங்கள். 10 மீட்டர், 20, 40, 80 என்று இரண்டிரண்டு மடங்காகத் தள்ளிப்போய், ஒவ்வோர் இடத்திலும் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 6 குறைய வேண்டும். சரியாக 6 வராது. தரையில் பட்டுத் தெறிக்கும் அலைகள் குழப்பும். பிறகு நண்பரை அந்தக் கைத்தொலைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நிற்கச் சொல்லுங்கள். எண் எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். டிரோன் ஓட்டுபவர் கட்டுப்பாட்டுக் கருவியை வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, டிரோனுக்கு முதுகைக் காட்டி நின்றால் என்ன ஆகும் என்பது அப்போதே புரிந்துவிடும்.

ஆண்டெனா விஷயத்திலும் பலர் தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். குச்சி போன்ற ஆண்டெனாவின் நுனியை டிரோனை நோக்கித் துப்பாக்கிபோல் நீட்டுவார்கள். அலை மிகக் குறைவாக வெளியேறுவது அந்த நுனி வழியாகத்தான். பக்கவாட்டு முகம்தான் டிரோனைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரிந்தால் அலைக்கும் தடையில்லை என்று நினைக்க முடியாது. அலை நூல்போல நேர்கோட்டில் மட்டும் போவதில்லை. இரு முனையிலும் கூம்பி, நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவத்தில் அதற்கு இடம் வேண்டும். இதற்கு ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர். 1 கிலோமீட்டர் தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் வெள்ளரிக்காய் நடுவில் ஏறத்தாழ 5.6 மீட்டர் ஆரம் கொண்டது. 6 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 14 மீட்டர். அந்த இடத்துக்குள் தென்னந்தோப்போ செம்பனையோ புகுந்தால், டிரோன் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே திரையில் படம் உடையும். தாமானில் இரண்டு வரிசை வீடுகளைத் தாண்டியதும் படம் சிதறுவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுக்கு வீடு இருக்கும் வைஃபையின் இரைச்சல் மற்றொரு காரணம்.

சரி, இணைப்பு பத்து கிலோமீட்டர் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். மின்கலம் தாங்குமா?

விவரத்தாளில் 31 நிமிடம் பறக்கும் என்று இருக்கிறது. பக்கத்திலேயே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: காற்றே இல்லாத நிலையில், நொடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் பறந்தபோது அளந்தது. 31 நிமிடம் என்பது 1,860 நொடி. அதை 4.7 ஆல் பெருக்குங்கள். மொத்தமே 8.7 கிலோமீட்டர். போவதற்கு பாதி, வருவதற்கு பாதி என்றால் 4.3 கிலோமீட்டரில் திரும்பியாக வேண்டும். வேகமாகப் போகலாமே என்றான் மருமகன். சாதாரண முறையில் இதன் உச்ச வேகம் நொடிக்கு 10 மீட்டர். பத்து கிலோமீட்டருக்கு 1,000 நொடி; போய் வர 2,000 நொடி, அதாவது 33 நிமிடத்துக்கும் மேல். மெதுவாகப் பறந்தபோது கிடைத்த 31 நிமிடமே இதற்குப் போதாது.

“அப்போ பத்து கிலோமீட்டர்ல இருக்கிற டிரோன்கூட நம்மால பேச முடியும். ஆனா கூட்டிட்டு வர முடியாது,” என்றான். சரியாகப் பிடித்துவிட்டான். விவரத்தாள் பொய் சொல்லவில்லை. இணைப்பின் எல்லை, மின்கலத்தின் எல்லை ஆகிய இரண்டும் தனித்தனியாக அளக்கப்பட்டவை. ஒரே பறத்தலில் இரண்டும் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வது நாம்தான்.

மூன்றாவதாக ஓர் எல்லை உண்டு. அதுதான் மிகவும் குட்டையானது: நம் கண். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவர் டிரோனை எப்போதும் தம் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள பொருளைத்தான் பிரித்தறிய முடியும். இந்த டிரோன் இறக்கைகளோடு சேர்த்து 29 சென்டிமீட்டர் அகலம். கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று முன்பே மறைந்துவிட வேண்டும். ஆனால் அதன் தடிமன் 5.6 சென்டிமீட்டர்தான். தூரத்தில் இருக்கும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த ஒல்லியான பக்கத்தை; அதற்கான கணக்கு 190 மீட்டர்தான் வருகிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும்.

பார்த்துவிடுவோம் என்று காலை எட்டு மணிக்கு டிரோனை எழுப்பினோம். 60 மீட்டர் உயரத்தில் மெல்ல விலகிப் போனது. 200 மீட்டரில் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. 300-இல் ஒரு கொசு. 420 மீட்டரில் நான் ஒரு நொடி திரையைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். வானத்தில் அதைக் காணவில்லை. மருமகனின் இளங்கண்ணுக்கு 460 வரை தெரிந்தது. பத்து கிலோமீட்டர் கனவோடு வந்தவனுக்கு அரை கிலோமீட்டர்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

அப்படியானால் அதிகபட்சத் தூரத்தைக் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும். கண்பார்வையை விட்டுப் போகாமலே முடியும். வரப்பை ஒட்டி 300 மீட்டர் தள்ளி ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டோம். அதுவரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று, 600 மீட்டர். நீச்சல் குளத்தில் நீளம் எண்ணுவதைப் போல ஒரே வேகத்தில் பத்துச் சுற்று. கிளம்பும்போது 100 விழுக்காடாக இருந்த மின்கலம், 6 கிலோமீட்டர் முடிந்து இறங்கியபோது 44 விழுக்காடு. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது விழுக்காட்டுக்குச் சற்று மேல்; ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ நான்கு. கடைசி 30 விழுக்காட்டை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டால், மொத்தம் ஏழரைக் கிலோமீட்டர் பறக்கலாம். போய்த் திரும்ப 3.7 கிலோமீட்டர். விவரத்தாளை நம்பாமல் நாங்களே கண்டுபிடித்த முதல் எண் அதுதான். அவன் அதைச் சுற்றிக் கட்டம் போட்டான்.

அத்தோடு பசியாறிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

மீன் கறியும் கதையுமாக உட்கார்ந்துவிட்டுத் திரும்பும்போது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. “அந்த 44 வீணாத்தானே போகுது மாமா. ஒரே ஒரு தடவை, ஒன்றரைக் கிலோமீட்டர். நம்ம கணக்குப்படி மூணு கிலோமீட்டருக்கு 28-தான் ஆகும்.” கணக்கு சரியாகத்தான் இருந்தது. கண்பார்வைக்கு அப்பால் அனுப்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் தலையை ஆட்டினேன். இதை எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது.

போகும்போது எல்லாம் அமைதி. திரையில் வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்று அசையாமல் நின்றது. 34 விழுக்காட்டில் டிரோன் ஒன்றரைக் கிலோமீட்டரைத் தொட்டுத் திரும்பியது. அப்போதுதான் பலத்த காற்று என்ற எச்சரிக்கை வந்தது. வேகம் 10 என்றிருந்த இடத்தில் 3.

என்ன நடந்தது? சிகிஞ்சானின் மேற்கே மலாக்கா நீரிணை. காலையில் காற்று அசையாது. வெயில் ஏற ஏற, கடலைவிட நிலம் விரைவாகச் சூடாகும். நிலத்தின் மேலிருக்கும் காற்று எழும்ப, கடற்காற்று உள்ளே வரும். நாங்கள் டிரோனை அனுப்பியது கிழக்கே, காற்றின் போக்கிலேயே. தரையில் நெற்பயிர் லேசாகத்தான் அசைந்துகொண்டிருந்தது. ஆனால் உயரே போகப் போகக் காற்றுக்கு உராய்வு குறையும், வேகம் கூடும். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. இந்த வகை டிரோன்கள் ஜி.பி.எஸ். துணையோடு தரைவேகத்தைச் சீராக வைத்துக்கொள்பவை. பின்காற்று தள்ளினால் குறைவாகச் சாய்ந்து அதே 10-ஐக் காட்டும். காற்று இருப்பதே நமக்குத் தெரியாது. எதிர்காற்றில்தான் அது சாயக்கூடிய அளவுக்கு ஒரு வரம்பு இருப்பது வெளிப்படும்.

காற்று போகும்போது கொடுப்பதைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளும், கணக்கு சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றைப் பொறுத்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் ஒன்று, 5 மீட்டர் காற்றில் 3 கிலோமீட்டர் போக 200 நொடி. வர 600 நொடி. மொத்தம் 800. காற்றே இல்லாவிட்டால் 600-தான். காற்று ஒருபோதும் கணக்கைச் சமன் செய்யாது.

ஒரு நிமிடம் கழித்து 30 விழுக்காடு. கடந்தது 180 மீட்டர். மீதி 1,320 மீட்டர். நொடிக்கு 3 மீட்டர் என்றால் 440 நொடி, ஏழு நிமிடத்துக்கு மேல். நிமிடத்துக்கு நான்கு விழுக்காடு. நான் கையிலேயே கணக்குப் போட்டேன்: 29 விழுக்காடு வேண்டும். இருப்பது 30. அதுவரை மின்கலம் காத்திருக்காது. அடிமட்டத்துக்கு வந்ததும் டிரோன் இருக்கும் இடத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். தானாக வீடு திரும்பும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அதுவும் இதே எதிர்காற்றில்தான் பறந்தாக வேண்டும். எங்களுக்கும் டிரோனுக்கும் நடுவே ஒரு கால்வாய், ஒரு சாலை, சாலையில் சுற்றுப்பயணிகளின் கார்கள். 60 மீட்டர் என்பது இருபது மாடி உயரம்.

மருமகன் வேகக் குச்சியைத் தளர்த்தப் பார்த்தான். “மெதுவா வந்தா பேட்டரி மிச்சமாகும்ல?” யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் எதிர்காற்றில் மெதுவாக வருவது சிக்கனம் இல்லை. ஆற்றின் எதிரோட்டத்தில் நீந்துபவர் ஓட்டத்தைவிட ஒரு சாண் மட்டும் வேகமாக நீந்தினால் கரை சேருவதற்குள் களைத்துப்போவார். கூட ஆற்றலைச் செலவழித்தாவது வேகமாக வருவதுதான் மொத்தத்தில் மலிவு.

விளையாட்டு முறைக்கு மாற்றச் சொன்னேன். அதில் டிரோன் இன்னும் அதிகமாகச் சாயும். வேகம் 3-இலிருந்து 9-க்கு ஏறியது. மின்கலம் நிமிடத்துக்கு ஆறு விழுக்காடு இறங்கியது. 1,320-ஐ 9-ஆல் வகுத்தால் இரண்டரை நிமிடம். பதினைந்து விழுக்காடு போதும். காற்று குறையட்டும் என்று உயரத்தையும் இறக்கினோம். 30 மீட்டருக்கு வந்ததும் படம் உடையத் தொடங்கியது. தூரத்துத் தென்னைகள் வெள்ளரிக்காய்க்குள் புகுந்துவிட்டன போலும்! மறுபடியும் 40-க்கு ஏற்றினோம். அந்த இரண்டரை நிமிடமும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் மேற்கே சாய்ந்த ஒரு கொசு தெரிந்தது. வரப்பில் இறங்கியபோது 16 விழுக்காடு. மின்கலத்தைக் கழற்றியவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தான். நன்றாகச் சூடேறியிருந்தது.

திரும்பும் வழியில்தான் சட்டத்தைப் பற்றிப் பேசினோம். மலேசியாவில் அனுமதியின்றி 400 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 120 மீட்டருக்கு மேல் பறக்கவிடக் கூடாது. விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பரப்பில் அனுமதி இல்லாமல் நுழையவும் கூடாது. போவதற்கு முன் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிமுறைகளைப் படித்துவிடுங்கள். சிங்கப்பூரில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். 200 அடிக்கு மேலேயும், விமானத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்கு உள்ளேயும் பறக்கவிட அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்பவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டான். 2019 ஜூன் 18 இரவு முதல் மறுநாள் காலை வரை சாங்கி விமான நிலையத்தின் அருகே டிரோன்கள் தென்பட்டதால் ஓர் ஓடுபாதையை அவ்வப்போது மூட வேண்டியதாயிற்று. 37 விமானச் சேவைகள் தாமதமாயின. அதைச் சொன்னதும் அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அவனுடைய நோட்டுப் புத்தகத்தில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன. இணைப்பு: சோதிக்கவில்லை, சோதிக்கப் போவதும் இல்லை. மின்கலம், காற்றில்லாத காலையில்: 3.7 கிலோமீட்டர். கண்: மாமாவுக்கு 420, எனக்கு 460 மீட்டர்.

மூன்றாவது வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறான். டிரோனின் வயிற்றில் பளிச்சென்ற ஆரஞ்சு நாடா ஒட்டினால் 460 எவ்வளவு கூடும்? நாடாவின் எடை சேர்ந்து 249 என்பது 250-ஐத் தாண்டிவிடுமா? அடுத்த விடுமுறைக்கு வரும்போது சமையலறைத் தராசையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான்.